டீசல் பைப்பில் காற்று!

1893, ஆகஸ்ட் 10. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம். ஒரு தொழிற்சாலைக்குள் புத்தம்புது எஞ்சின் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே எரிபொருள் போனதுதான் தாமதம்... டமார்! அழுத்தத்தை அளக்கப் பொருத்தியிருந்த கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் 'ஆளை விட்டால் போதும்' என்று ஓடியிருப்பார்கள். ருடால்ஃப் டீசல் ஓடவில்லை. தீக்குச்சி இல்லை, மின்பொறி இல்லை. எரிபொருள் தானாகப் பற்றிக்கொண்டது. அதைத்தானே அவர் எதிர்பார்த்தார்!

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடும், கவனித்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் சூடேறும். இன்னும் பலமாக அமுக்கினால், உள்ளே வரும் எண்ணெயே தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறும். டீசல் எஞ்சினின் ரகசியம் இவ்வளவுதான்.

1894 பிப்ரவரியில் எஞ்சின் முதன்முறையாகத் தன் சொந்தக் காலில் ஒரு நிமிடம் போல ஓடியது. 1897-ல் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்துப் பார்த்தார். எரிபொருளின் சக்தியில் சுமார் 26 சதவிகிதத்தை அது வேலையாக மாற்றியது. அன்றைய சாதாரண நீராவி எஞ்சின்கள் 10 சதவிகிதத்துக்கே மூச்சு வாங்கின!

ஆனால், ஒரு தலைவலி டீசலை விடவேயில்லை. சிலிண்டருக்குள் ஏற்கெனவே கடுமையான அழுத்தம். அதை எதிர்த்துக்கொண்டு துளி எண்ணெயை, சரியான நொடியில், புகையாகத் தெளிக்க வேண்டும். எப்படி? கம்ப்ரஸர் வைத்து, அதைவிட அதிக அழுத்தமுள்ள காற்றால் எண்ணெயை 'உஃப்' என்று ஊதித் தள்ளினார் டீசல்.

வேலை நடந்தது. ஆனால், கம்ப்ரஸரும் காற்று உருளைகளும் சேர்ந்து எஞ்சின் யானை கனம் கனத்தது. தொழிற்சாலைக்குச் சரி. கப்பலுக்கும் சரி. 1912-ல் 'செலாண்டியா' என்ற டேனிஷ் கப்பல் டீசல் எஞ்சினுடன் கடல் கடந்தது. லாரியில் ஏற்ற முடியுமா? வாய்ப்பேயில்லை!

பாவம் மனுஷர்! ஆரம்பத்தில் விற்ற எஞ்சின்கள் படுத்தியெடுத்தன. 1898-ல் மனம் தளர்ந்து சிகிச்சைக்குப் போனார். பிறகு கடன் கழுத்தை நெரித்தது. 1913, செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து போகும் கப்பலிலிருந்து காணாமல் போனார். சில நாட்கள் கழித்து உடல் கடலில் கிடைத்தது. தற்கொலையா, விபத்தா? விவாதம் இன்னும் ஓயவில்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 'காற்றே வேண்டாம், எண்ணெயையே பம்ப்பால் நேராகத் தள்ளுவோம்' என்பதுதான் புது வழி. 1922-ல் ராபர்ட் பாஷ் இதில் இறங்கினார். 1927-ல் அவரது நிறுவனத்தின் பம்ப்புகள் வரிசையாகத் தயாராகி வெளிவந்தன. உள்ளே ஓடும் உலக்கைக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்குதான். தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை! எஞ்சின் இளைத்தது. லாரி, பஸ், 1936-ல் மெர்சிடிஸ் கார் என்று டீசல் சாலைக்கு வந்துவிட்டது.

இந்த நுட்பத்துக்கு ஒரு விலையும் உண்டு. தூசி ஆகாது, தண்ணீர் ஆகாது. முக்கியமாக, காற்று ஆகவே ஆகாது! எண்ணெயை அமுக்கினால் அது சுருங்காமல் முன்னே பாயும். நடுவில் காற்றுக்குமிழ் இருந்தால், பம்ப் தள்ளுகிற தள்ளெல்லாம் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். நாசில் திறக்காது. வண்டி நகராது. நம்மூர் டிரைவர்கள் 'ஏர் பிடிச்சிருச்சு' என்று சொல்வது இதைத்தான்.

மேல்நாடுகளில் படுக்கை, அடுப்பு சகிதம் ஊர் சுற்றும் மோட்டார்ஹோம் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். கோடையில் சுற்றிவிட்டு, குளிர்காலம் முழுக்க நிறுத்திவைப்பார்கள். அரை டேங்க் டீசல், மேலே காற்று. காற்றிலுள்ள ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து, தண்ணீராக அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்தும். அந்தக் கொழகொழப்பு ஃபில்டரை அடைக்கும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்தாலும் அதே கதிதான்.

வண்டி கிளம்பவில்லையா? பதறி பம்ப்பைப் பிரிக்காதீர்கள். டேங்க்கில் டீசல் இருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, பைப் இணைப்பு எங்காவது காற்றை உறிஞ்சுகிறதா... இந்த வரிசையில் பாருங்கள். பழைய வண்டி என்றால், ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அமுக்கி, குமிழ் நிற்கும்வரை ஏர் எடுக்கலாம். 1997 முதல் கார்களில் வரத் தொடங்கிய காமன் ரெயில் எஞ்சின் என்றால், உயர் அழுத்தப் பைப்பில் கை வைக்கக் கூடாது. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

டீசலுக்குத் தோள் கொடுத்த அதே காற்று, இன்று அவர் எஞ்சினுக்கு முதல் எதிரி. சிலிண்டருக்குள் அது இல்லாமல் முடியாது. பைப்புக்குள் அது இருந்தால் ஓடாது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால், டேங்க்கை முழுதாக நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். காற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள்!