இல்ஃபோர்ட்டில் உறங்கும் நாயும் பூனையும்

என் அக்காவின் மகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பட்டிமன்றம். தலைப்பு, வீட்டில் வளர்க்கச் சிறந்தது நாயா பூனையா. அவள் பூனை அணி. "மாமா, பூனையால என்ன பிரயோசனம் எண்டு அவை கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்.

எனக்குக் கணினித்துறையில் வேலை. எதைக் கேட்டாலும் முதலில் ஓர் அட்டவணை போடுவது என் பழக்கம். இடது பக்கம் நாய், வலது பக்கம் பூனை. காவல், மாதச் செலவு, மழையில் நடக்கக் கூட்டிப்போகும் நேரம், சோபாவுக்கு வரும் சேதம். பாதியில் நிறுத்திவிட்டேன். 'பிரயோசனம்' என்ற அந்தச் சொல் வேறொன்றை நினைவுபடுத்தியது. இந்த லண்டன் நகரம் ஒருமுறை தன் நாய்களையும் பூனைகளையும் பார்த்து ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டது. பதில் பயங்கரமாக இருந்தது.

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரித்தானியா ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே நகரத்துப் பிள்ளைகளை ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கோடையில் விலங்கு வளர்ப்போருக்கு ஒரு துண்டுப் பிரசுரம் வந்திருந்தது. வெளியிட்டது வான் தாக்குதல் காலத்தில் விலங்குகளைக் கவனிக்க அமைத்த ஒரு குழு. முடிந்தால் பிராணிகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்புங்கள், ஒருவரிடமும் ஒப்படைக்க முடியாவிட்டால் கொன்றுவிடுவதே கருணை என்பது அதன் சாரம். அதிலேயே விலங்குகளைக் கொல்லும் கைத்துப்பாக்கிக்கு ஒரு விளம்பரமும் இருந்தது. படித்தபோது இந்த விளம்பரம்தான் என்னை அதிகம் உறுத்தியது.

கவனியுங்கள், இது கட்டளை அல்ல. 'கொல்' என்று அரசு யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் போர் தொடங்கிய முதல் வாரத்தில் மிருக வைத்தியர்களின் வாசலில் வரிசை நின்றது. கூடையில் பூனை, கயிற்றில் நாய். லண்டனில் மட்டும் சுமார் 400,000 நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். நகரத்தில் இருந்தவற்றில் கால்பங்குக்கும் மேல். அந்த வாரம் லண்டன் மீது ஒரு குண்டுகூட விழவில்லை. பெருந்தாக்குதல் தொடங்கியது அடுத்த ஆண்டு, 1940 செப்டெம்பர் 7இல்.

அந்த மக்கள் கொடியவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. பொதுப் பதுங்கு அறைகளுக்குள் விலங்குகளை விடமாட்டார்கள். நச்சு வாயு வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். மனிதருக்கு முகமூடி கொடுத்த அரசு நாய்க்குக் கொடுக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பங்கீடு வரும் என்ற பயம் வேறு. அதே வாரத்தில் பலர் முடியாது என்று மறுத்தும் இருக்கிறார்கள். ஹாமில்டன் சீமாட்டி என்பவர் ஃபேர்ன் என்ற தன் பண்ணை மாளிகையைப் பிராணிகளுக்குத் திறந்துவிட்டார்.

இதை அம்மம்மாவுக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து ஊர்கள் ஒரே இரவில் வெறுமையானபோது, கொட்டும் மழையில் நடந்தவர்களில் அவரும் ஒருவர். "ஜிம்மியை அவிட்டு விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள். கொஞ்சத் தூரம் பின்னால வந்தது" என்றார். பிறகு தேத்தண்ணி போட எழுந்து போய்விட்டார். முப்பது வருடமாக எங்கள் வீட்டில் ஏன் நாய் இல்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

லண்டன் கதைக்குத் திரும்புவோம். 1939இல் கொல்லப்பட்ட பிராணிகளைப் புதைக்க இடம் போதவில்லை. பி.டி.எஸ்.ஏ என்ற தொண்டு நிறுவனம், மரியா டிக்கின் அம்மையார் 1917இல் ஏழைகளின் விலங்குகளுக்காகத் தொடங்கியது, இல்ஃபோர்ட்டில் தனக்கிருந்த புல்வெளியைக் கொடுத்தது. ஆம், நாங்கள் மரக்கறியும் மீனும் வாங்கப் போகிற அதே இல்ஃபோர்ட். அந்த இடுகாட்டில் இன்றும் பெயரோடு நினைவுக்கற்கள் நிற்கின்றன. அதில் இரண்டு கல் உங்களுக்கு முக்கியம்.

ஒன்று ரிப். 1940இல் கிழக்கு லண்டனின் பொப்லர் பகுதியில் குண்டு விழுந்த ஒரு நாள், வீடிழந்து அலைந்த கலப்பின நாய் இது. வான் தாக்குதல் காவலர் ஒருவர் தின்னக் கொஞ்சம் கொடுத்தார், அவர் பின்னாலேயே வந்துவிட்டது. யாரும் அதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை. இடிந்த வீடுகளின் மேல் ஏறி மோப்பம் பிடித்து, ஓரிடத்தில் நின்று தோண்டத் தொடங்கும். அங்கே கல்லுக்கடியில் ஆள் இருக்கும். ஓராண்டுக்குள் நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்தது. ஒரு வருடம் முன்பு அந்த வரிசையில் நின்றிருக்கக்கூடிய நாய்!

மற்றது சைமன் என்ற பூனை. 1948இல் ஹொங்கொங் துறைமுகத்தில் பதினேழு வயது மாலுமி ஒருவர் அதைச் சட்டைக்குள் ஒளித்து அமெதிஸ்ட் என்ற போர்க்கப்பலுக்குக் கொண்டுவந்தார். கப்பல் தலைவரின் தொப்பிக்குள் படுத்துத் தூங்குவது அதன் பழக்கம். 1949 ஏப்ரலில் சீனாவின் யாங்சி ஆற்றில் கப்பல் மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. தலைவர் இறந்தார். சைமனுக்கு மீசை கருகி, உடலெல்லாம் குண்டுச் சிதறல். அது பிழைத்தது மட்டுமல்ல, கப்பல் ஆற்றில் சிக்கியிருந்த 101 நாளும் உணவுக் களஞ்சியத்தை எலிகளிடமிருந்து காத்தது. காயப்பட்ட மாலுமிகளின் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டது. நவம்பரில் இங்கிலாந்து வந்ததும் தனிமைப்படுத்தல் நிலையத்தில் அடைத்தார்கள். அந்த மாதமே இறந்துபோனது.

இரண்டுக்கும் டிக்கின் பதக்கம் உண்டு. விலங்குகளின் துணிச்சலுக்காக மரியா டிக்கின் 1943இல் ஏற்படுத்தியது. 1949 வரை 54 பதக்கங்கள் கொடுத்தார்கள். நாய்களுக்கு 18, குதிரைகளுக்கு 3, பூனைக்கு ஒன்றே ஒன்று, அது சைமனுடையது. மீதி 32ம் செய்தி சுமந்த புறாக்களுக்கு! நாயா பூனையா என்று நாங்கள் சண்டை பிடிக்க, பரிசைப் புறா கொத்திக்கொண்டு போய்விட்டது.

மருமகளிடம் சைமன் கதையைச் சொன்னதும் துள்ளிக் குதித்தாள், வெல்லப்போகிற உற்சாகம். அப்புறம் கேட்டாள்: "அப்ப மற்ற நாலு லட்சமும்? அதுகளுக்குப் பதக்கம் எடுக்கச் சந்தர்ப்பமே குடுக்கேல்லையே?"

அதற்கு என்னிடம் அட்டவணை இல்லை. சைமனும் எலி பிடிக்கத் தெரிந்ததால் கப்பலுக்கு வரவில்லை. ஒரு பதினேழு வயதுப் பெடியனுக்கு அதன் மேல் விருப்பம் வந்தது, அவ்வளவுதான். ரிப்புக்குக் கிடைத்ததும் முதலில் கொஞ்சம் சாப்பாடு, வேலை பிறகுதான் வந்தது. இதை அவளிடம் சொன்னேன். பட்டிமன்றத்துக்கு இது உதவாது மாமா, மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்றாள். ரிப்பின் கதையை நாய் அணியில் இருக்கும் தன் சிநேகிதிக்கு அன்றிரவே அனுப்பியும் விட்டாள்.

குளிர் தொடங்க முன்பு ஒரு ஞாயிறு இல்ஃபோர்ட் இடுகாட்டுக்குப் போகிறோம். அம்மம்மா தானும் வருகிறேன் என்கிறார்.