நேரங்குறித்த கோப்புப் பரிமாற்றம்

ஆள் உட்கார்ந்து இயக்காமல், குறித்த நேரத்தில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகள் தாமாகப் போய்ச் சேரச் செய்யும் ஏற்பாடு. ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இயங்கும் ஒரு சிறிய தணிக்கையாளர் அலுவலகம் அன்றாடக் கணக்குகளை இரவோடு இரவாக வெளி சர்வருக்கு அனுப்பிவைக்க, தனி மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். லினக்ஸிலும் விண்டோஸிலும் உடன்வரும் கட்டளைகளே போதும்.

இத்துறையின் அடிப்படை நெறிமுறையான எஃப்டிபியின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண். நேரம் பார்த்து வேலையைத் தொடங்கிவைக்கும் க்ரான், 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் 1996இல் வந்தது. எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்புவதால், புதிய ஏற்பாடு எதிலும் அதற்கு இடம் தரலாகாது. சாவிக்கோப்பைக் கொண்டு நுழையும் எஸ்எஃப்டிபியே தகும். ஸ்கிரிப்டில் கடவுச்சொல்லை எழுதிவைக்கும் தேவையும் அதோடு போய்விடும்.

இக்கருவிகள் தமிழ்நாட்டு மாணவர் கைக்கு வந்த கதையில் தென்சென்னைப் புறநகருக்குப் பங்குண்டு. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து நடத்திய தேசியத் திறமூல மென்பொருள் வள மையம் 2005இல் தொடங்கியது. அம்முயற்சியில் டெபியனை அடியொற்றி உருவான பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் அதுவும் சேர்த்து வழங்கப்பட்டது.

க்ரான் அட்டவணையில் ஒரு வேலைக்கு ஒரு வரி. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்கள், பிறகு கட்டளை. "30 2 * * *" என்றால் தினமும் அதிகாலை 2:30. இங்கே நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வாடகை சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே நிற்கிறது. நமக்குத் திங்கள் அதிகாலை 2:30 என்பது சர்வருக்கு ஞாயிறு இரவு 9 மணி. ஆகவே வரியில் மணியை மட்டுமல்ல, கிழமையையும் மாற்ற வேண்டும். மாதத்தின் முதல் தேதி அதிகாலைக்கு வேலை வைத்தால் சிக்கல் முற்றுகிறது: சர்வர் கணக்கில் அது முந்தைய மாதத்தின் கடைசி நாள். அது 28ஆம் தேதியா 31ஆம் தேதியா என்பதை ஐந்து இடங்களுக்குள் எழுத முடியாது. சர்வரின் நேர மண்டலத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

மின்வெட்டில் கணினி அணைந்திருந்தால் க்ரான் அந்த வேளையை விட்டுவிடும். அனாக்ரான் பிறகு நினைவாகச் செய்துமுடிக்கும்.

விண்டோஸில் ஷெட்டாஸ்க்ஸ் நேரம் குறிக்கும். ரோபோகாப்பி கோப்புகளை நகலெடுக்கும். ரோபோகாப்பி தரும் முடிவு எண் 1 என்றால் தோல்வி அல்ல, கோப்புகள் போய்ச் சேர்ந்தன என்று பொருள். 8 முதல்தான் தோல்வி. இதை அறியாமல், நன்றாக ஓடும் வேலையை நிறுத்திவைப்பவர்கள் உண்டு.

பாதி வந்த கோப்பை மறுமுனை முழுக் கோப்பென்று எடுத்துக்கொள்வதே இவ்வேலையில் மிகப் பெரிய ஆபத்து. இதைத் தவிர்க்க, கோப்பைத் தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதாக ஏறிய பின்பே உண்மைப் பெயருக்கு மாற்றுவார்கள். ஆர்சிங்க் இதைத் தானாகவே செய்கிறது. எஸ்எஃப்டிபியில் பெயர்மாற்றக் கட்டளையை அனுப்புபவரே அடுத்த வரியில் எழுத வேண்டும்.