ஸ்னோமொபைல் எஞ்சின் சமநிலைப் பாகங்கள்
பழைய ஸ்னோமொபைல்களின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அதிர்வைக் கட்டுப்படுத்தும் எதிரெடைகளும் அவற்றோடு எடை பொருந்த வேண்டிய பாகங்களும்.

வகை: கிராங்க் எதிரெடை, பிஸ்டன், பிஸ்டன் பின்.

இயக்கம்: ஒற்றை சிலிண்டரில் எதிரெடை, மேலும் கீழும் இயங்கும் எடையில் ஏறத்தாழப் பாதியையே ஈடுசெய்யும், முழுவதையும் ஈடுசெய்தால் அதிர்வு பக்கவாட்டுக்கு மாறும். 180 பாகை கிராங்க் கொண்ட இரட்டை சிலிண்டரில் முதல்நிலை விசைகள் ஒன்றையொன்று நீக்க, ஆட்டும் திருப்புவிசை எஞ்சும்.

வரலாறு: கியூபெக்கின் வால்கூரில் ழோசஃப்-ஆர்மான் பொம்பார்டியே 1959இல் ஸ்கி-டூவை அறிமுகப்படுத்தினார். அவரது நிறுவனம் 1970இல் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸை வாங்கியது.

பயன்பாடு: உற்பத்தி நின்ற பாகங்கள் விற்காத பழைய இருப்பிலும் கழித்த வண்டிகளிலும் கிடைக்கும், பாக எண் பொருந்த வேண்டும். அழுத்திப் பொருத்திய கிராங்கின் நேர்த்தன்மை, வி-கட்டைமீது சுழற்றி டயல் கேஜால் அளக்கப்படும்.