சிகமோர்: ஒரு பெயரும் மூன்று மரங்களும்

பல பொருள் குறித்த ஒருசொல்லை நிகண்டுகள் தனித் தொகுதியாக வகுத்துள்ளன. இத்தகைய சொற்களே மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் இடர்ப்படுத்துவன. ஆங்கிலத்தில் ‘சிகமோர்’ என வழங்கும் மரப்பெயர் இதற்குத் தக்க சான்றாகும்.

இச்சொல் கிரேக்க மூலமுடையது. ‘சைகான்’ என்பது அத்திப்பழம். ‘மோரான்’ என்பது முசுக்கட்டைப்பழம். அத்தி போன்ற கனியும் முசுக்கட்டை போன்ற இலையும் கொண்ட மரமே முதலில் இப்பெயர் பெற்றது. எகிப்தியர் இதன் மரத்தால் சவப்பேழைகள் செய்தனர். ஹாத்தோர் என்னும் தெய்வத்தோடு இதனைத் தொடர்புபடுத்தினர். லின்னேயஸ் 1753இல் இதற்குப் ‘பைகஸ் சிகோமோரஸ்’ எனப் பெயரிட்டார்.

இங்கிலாந்தில் இப்பெயர் மேப்பிள் இனத்து மரமொன்றைச் சார்ந்தது. அதன் அறிவியற் பெயர் ‘ஏசர் சூடோபிளாட்டனஸ்’. ‘பொய்ப் பிளாட்டனஸ்’ என்பது அதன் இரண்டாம் கூற்றின் பொருள். ஹேட்ரியன் சுவரருகே நின்று 2023இல் வெட்டி வீழ்த்தப்பட்டது இம்மரமே. அமெரிக்காவிலோ சிகமோர் என்பது ‘பிளாட்டனஸ் ஆக்சிடென்டாலிஸ்’ ஆகும். காஷ்மீரத்துச் சினார் மரம் இதே பேரினத்தது. நியூயார்க் பங்குத் தரகர்கள் 1792இல் செய்த உடன்படிக்கை ‘பட்டன்வுட்’ எனப் பெயர் பெற்றதும் இம்மரத்தின் மற்றொரு பெயராலேயே. இம்மூன்றும் வெவ்வேறு தாவரக் குடும்பத்தன.

விவிலியத்தில் சகேயு ஏறிய மரத்தை லூத்தர் ஜெர்மானியத்தில் முசுக்கட்டை என்றார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘காட்டத்தி’ என்றனர். இது பொருத்தமான தேர்வு. நம் நாட்டு அத்தியாகிய ‘பைகஸ் ரெசிமோசா’ எகிப்திய மரத்தின் நெருங்கிய உறவினம். இரண்டும் அடிமரத்திலும் கிளைகளிலும் கொத்துக்கொத்தாய்க் காய்ப்பன. ஆயினும், ஆங்கிலப் புதினத்தில் வரும் சிகமோரையும் காட்டத்தி எனப் பெயர்ப்பது பிழையாகும். அம்மரத்தில் அத்தி காய்ப்பதில்லை; இறகுடைய உலர்கனியே உண்டு.

அறிவியற் பெயரும் மாறுதற்குரியதே. பழைய தாவர நூல்களில் அத்தி, ராக்ஸ்பரோ இட்ட ‘பைகஸ் குளோமரேட்டா’ என்னும் பெயரால் காணப்படுகிறது. அந்நூல்களை மட்டும் நோக்குவோர் ஒரே மரத்தை இரண்டெனக் கொள்ளக்கூடும். எனவே அகராதி தொகுப்போர், வழங்கிய நிலம், அறிவியற் பெயர், அதன் பழைய பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறித்தல் இன்றியமையாதது. ஒலி ஒன்றாயிருப்பது கொண்டு பொருளை ஒன்றெனத் துணிதல் தகாது.