ஜின் டானிக்கின் வரலாறு

ஜின் டானிக் என்பது ஜின் என்னும் மதுவுடன் டானிக் தண்ணீரைச் சேர்த்துப் பருகும் கலவை மது (காக்டெயில்) ஆகும். தானியத்திலிருந்து வடித்த சாராயத்தில் ஜூனிபர் காய்களின் மணத்தை ஏற்றுவதால் ஜின் கிடைக்கிறது. நெதர்லாந்தின் ஜெனிவர் என்ற மது இங்கிலாந்துக்குச் சென்றபின் ஜின் ஆயிற்று. டானிக் தண்ணீர் என்பது சர்க்கரையும் சிறிதளவு கொயினாவும் (குயினைன்) சேர்ந்த சோடாவாகும். கொயினாவின் கசப்பு, சர்க்கரையின் இனிப்பு, ஜூனிபரின் பிசின் மணம், எலுமிச்சையின் புளிப்பு ஆகியவை இக்கலவையில் ஒன்றுசேர்கின்றன.

இந்தியாவில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் மலேரியாவுக்காகக் கொயினாவைக் குடிக்க வேண்டியிருந்ததாகவும், அதன் கசப்பைத் தாங்காமல் ஜின்னைக் கலந்து இம்மதுவைக் கண்டுபிடித்ததாகவும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருந்தாலும், ஆவணங்கள் இதை அவ்வாறே உறுதிப்படுத்தவில்லை.

கொயினாவை மதுவில் கலந்து கொடுக்கும் வழக்கம் மெய்யாகவே இருந்தது. 1854இல் மருத்துவர் வில்லியம் பெய்க்கி தலைமையில் ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் சென்ற ஆங்கிலேயக் குழுவினர் நாள்தோறும் கொயினா உட்கொண்டனர்; அவர்களில் ஒருவர்கூடக் காய்ச்சலால் இறக்கவில்லை. எனினும் அக்காலத்தில் கொயினாவுடன் கலக்கப்பட்டது பெரும்பாலும் ஒயின் வகை மதுதான். டானிக் தண்ணீர் பின்னர் வந்தது. லண்டனைச் சேர்ந்த எராஸ்மஸ் பாண்ட் 1858இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1870களில் சுவெப்ஸ் நிறுவனமும் அதை விற்கத் தொடங்கியது. 'ஜின் அண்ட் டானிக்' என்ற பெயர் அச்சில் வந்ததாக இதுவரை தெரியும் மிகப் பழைய குறிப்பு 1868ஆம் ஆண்டினது. இந்தியாவில் வெளிவந்த ஒரு விளையாட்டு இதழில், குதிரைப் பந்தயம் முடிந்தவர்கள் அதைக் கேட்டதாக உள்ளது. மருத்துவமனையிலோ பாசறையிலோ அன்றி, பந்தயத் திடலில் களைப்பாற்றும் பானமாகவே அது முதலில் தென்படுகிறது.

கணக்கிட்டுப் பார்த்தாலும் இது விளங்கும். இன்று அமெரிக்காவில் ஒரு லிட்டர் டானிக் தண்ணீரில் 83 மில்லிகிராம் கொயினாவுக்கு மேல் இருக்கக் கூடாது. மலேரியா நோயாளியான ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிகிராம் கொயினா தேவைப்படும். இந்தத் தண்ணீரால் அதை ஈடுகட்ட ஒரே நாளில் 20 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்! பழைய டானிக்கில் கொயினா கூடுதலாக இருந்திருக்கலாம்; ஆனாலும் ஒரு கோப்பை ஜின் டானிக் குடித்தால் மலேரியா வராது என்று நம்புவது பிழை.

பானத்தைவிட அதிலுள்ள கசப்பின் வரலாறே பெரிது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்றது. 1820இல் பெல்த்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு மருந்தாளர்கள் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். பட்டைக்குத் தேவை பெருகவே, ஐரோப்பிய அரசுகள் இம்மரத்தைத் தங்கள் குடியேற்ற நாடுகளில் வளர்க்க முனைந்தன.

1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து நீலகிரிக்குக் கொணர்ந்த செடிகள் பிழைக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்புரூஸ், ராபர்ட் கிராஸ் ஆகியோர் எக்குவடோரில் சேகரித்த சிவப்புப் பட்டை இனம் 1861இல் உதகமண்டலத்தை அடைந்து வேரூன்றியது. அரசுப் பூங்காவின் கண்காணிப்பாளர் மெக்கைவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பெருக்கினார். நடுவட்டத்தில் காடு திருத்தவும் நடவு செய்யவும் சீனக் கைதிகள் பயன்படுத்தப்பட்டனர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

ஆனால் சிவப்புப் பட்டையில் கொயினா குறைவு. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வேதிப்பொருள்கள் மிகுதி. அவையும் காய்ச்சலைத் தணிக்கும் என்று 1860களில் சென்னை மாகாணத்தில் நடந்த சோதனைகள் காட்டின. ஆகவே நீலகிரித் தோட்டங்கள் வீண்போகவில்லை. எனினும் உலகச் சந்தை கேட்டது கொயினாவைத்தான்.

அச்சந்தையைக் கைப்பற்றியவர்கள் ஜாவாவில் இருந்த டச்சுக்காரர்கள். பொலிவியாவைச் சேர்ந்த பழங்குடியினரான மானுவல் இன்க்ரா மமானி, சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகருக்காக உயர்ந்த இன மரத்தின் விதைகளைச் சேகரித்தார். 1865இல் அவ்விதைகள் லண்டனை அடைந்தபோது ஆங்கிலேய அரசு வாங்க மறுத்தது; டச்சு அரசு ஏறத்தாழ அரை கிலோவைச் சொற்ப விலைக்கு வாங்கியது. ஜாவாவில் முளைத்த அம்மரங்களின் பட்டையில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கொயினா இருந்தது. மமானியோ மீண்டும் விதை சேகரித்தபோது பிடிபட்டுச் சிறையில் அடித்துத் துன்புறுத்தப்பட்டு, அதன் விளைவாக 1871இல் இறந்தார். அம்மர இனத்துக்கு வணிகரின் பெயரால் 'லெட்ஜெரியானா' என்று பெயரிடப்பட்டது. சேகரித்தவரின் பெயர் அதில் இல்லை.

1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்குக் கொயினா கிடைப்பது அரிதாகி, செயற்கை மருந்துகள் முன்னுக்கு வந்தன. டானிக் தண்ணீருக்கு இன்றும் சின்கோனா பட்டை வேண்டும். அதிலுள்ள கொயினா புற ஊதா ஒளி பட்டால் நீல நிறத்தில் ஒளிரும். பள்ளி ஆய்வகத்தில் எளிதாகச் செய்துகாட்டக்கூடிய சோதனை இது. இதற்கு ஜின் தேவையில்லை.