வீட்டிலா, சானடோரியத்திலா?

காசநோயாளிக்குச் சானடோரியமே கதி என்பது பழைய மருத்துவக் கொள்கை. இந்தியாவிலோ நோயாளர் தொகைக்குப் படுக்கைகள் மிகச் சொற்பம். 1956-இல் சென்னையில் வாலஸ் பாக்ஸ் தலைமையில் ஒரு சோதனை தொடங்கிற்று. ஏழை நோயாளர் 193 பேர் சீட்டெடுப்பது போன்ற முறையில் வீட்டுக்கும் சானடோரியத்துக்கும் பிரிக்கப்பட்டனர். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். வீட்டிலிருந்தோருக்கு உணவும் ஓய்வும் குறைவு.

ஆண்டிறுதியில், கணக்கிற் கொள்ளப்பட்டவருள் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. தேர்வுத்தாளில் இவ்விரண்டையும் ஒன்றென எந்த ஆசிரியரும் சொல்லார்! ஆயினும் இத்துணைச் சிறு குழுக்களில் ஆறு என்னும் வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடும். 1959-இல் வெளிவந்த அறிக்கை, பலன்கள் ஒப்பானவை என்றதோடு நில்லாது, இரண்டு எண்களையும் வெளிப்படையாக வைத்தது. சானடோரியத்தார் எடை மிகுதியாகக் கூடியதையும் அது மறைக்கவில்லை. வீட்டாருக்கு நோய் தொற்றுமே என்ற அச்சம் எஞ்சியது. உடனுறைந்த உறவினரைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்கு அபாயம் மிகுந்ததாகத் தெரியவில்லை.