மணியாச்சியில் பத்து நிமிஷம்

முழுப் பரீட்சை லீவு விட்டதும் சென்னையில் இருக்கிற பாதித் திருநெல்வேலி எழும்பூர் ஸ்டேஷனில்தான் நிற்கும். நெல்லை எக்ஸ்பிரஸ். கையில் புளியோதரைப் பொட்டலம், தோளில் தண்ணீர் பாட்டில், 'ஜன்னல் சீட்டு எனக்குத்தான்' என்று மல்லுக்கட்டும் பிள்ளைகள். விடியற்காலையில் கோவில்பட்டி தாண்டியதுமே அம்மாக்கள் பிள்ளைகளை எழுப்பித் தலைவார ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்டேஷனுக்குத் தாத்தா வந்திருப்பாரே... பேரப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா?

அப்படி ஒரு லீவுப் பயணத்தில்தான் என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட புதிது. கண்ணில் படுகிற போர்டு ஒன்றையும் விடமாட்டாள்.

"வாஞ்சி மணியாச்சி... வாஞ்சின்னா யாருப்பா?"

"சுதந்திரப் போராட்ட வீரர்மா. இந்த ஸ்டேஷன்லதான் வெள்ளைக்கார கலெக்டரைச் சுட்டார்."

"அந்தக் கலெக்டர் எங்க போயிட்டிருந்தார்?"

நான் முழித்தேன். ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டது தெரியும். தேதி தெரியும். ஆனால், ஆஷ் அன்றைக்கு எங்கே போய்க்கொண்டிருந்தார்? பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆஷ் போய்க்கொண்டிருந்தது கொடைக்கானலுக்கு. அங்கே வாடகை பங்களா ஒன்றில் அவருடைய நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சேரத்தான் அந்தப் பயணம்.

1911 ஜூன் 17. சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் ஆஷ் ரயில் ஏறினார். கூடவே மனைவி மேரி. அயர்லாந்திலிருந்து அவர் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இவர்களுக்குக் கல்யாணம் நடந்தது 1898-ல். ஆகவே, மூத்த பிள்ளைக்கே பன்னிரண்டு வயதைத் தாண்டியிருக்காது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து கொடைக்கானல் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மெயின் லைன் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு. கொழும்புக்குக் கப்பல் அங்கிருந்துதான் புறப்படும். (1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகுதான் அந்தக் கப்பல் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது.) கப்பலில் வந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற ரயிலுக்கு 'சிலோன் போட் மெயில்' என்று பெயர். திருநெல்வேலிக்காரர்கள் மணியாச்சி வரை ஒரு ரயிலில் வந்து, அங்கே காத்திருந்து போட் மெயிலைப் பிடிக்க வேண்டும். மதுரை தாண்டி, அம்மையநாயக்கனூரில் இருக்கிற கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து மாட்டு வண்டியில் மலையடிவாரம். அதற்கு மேல் மோட்டார் ரோடு கிடையாது. குதிரையில் ஏறலாம். இல்லையென்றால் நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் தூக்கிப் போவார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்குப் போக வேண்டும்? பிள்ளைகளுக்காகத்தான். சமவெளியின் வெயிலும் காலராவும் மலேரியாவும் வெள்ளைக்காரர்களுக்குப் பெரிய பயம். 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகளும் மதுரையில் நோய்க்கு ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு மலையேறியவர்கள்தான். பிறகு துரைமார்களின் குடும்பங்களும் அதே வழியைப் பிடித்துக்கொண்டன. பிள்ளைகள் மேலே, அப்பா கீழே. லீவு கிடைக்கும்போது அப்பா மலையேற வேண்டும்.

10.38-க்கு ரயில் மணியாச்சி வந்தது. 10.48-க்குப் போட் மெயில். நடுவில் பத்தே நிமிஷம். முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். குடுமி வைத்த ஓர் இளைஞர் பெட்டிக்குள் ஏறினார். பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் துப்பாக்கி. குண்டு ஆஷின் மார்பில் பாய்ந்தது. சுட்டவர் பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து, தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன். வயது 25.

ஆஷ் உயிரோடு கொடைக்கானல் போய்ச் சேரவில்லை. பாளையங்கோட்டை கல்லறைத் தோட்டத்தில் இன்னும் இருக்கிறது அவர் சமாதி.

'பாவம், பிள்ளைகளைப் பார்க்கப் போன மனுஷன்!' என்று உச்சுக்கொட்டிவிட்டு இதோடு நிறுத்திக்கொண்டால், அது பாதிக் கதைதான். மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

1908 பிப்ரவரி 27. இடம் தூத்துக்குடி. (அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. தனி மாவட்டம் ஆனது 1986-ல்தான்.) கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? கூலி உயர்வு. அதோடு... வாரத்துக்கு ஒரு நாள் லீவு!

இத்தனைக்கும், ஆலைத் தொழிலாளிக்கு வாராந்திர விடுமுறை உண்டு என்று 1891-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒன்பது வயது நிரம்பிய பிள்ளையை ஆலை வேலைக்கு வைக்கலாம், ஆனால் தினம் ஏழு மணி நேரத்துக்கு மேல் கூடாது! (அதற்கு முந்தைய 1881 சட்டத்தில் வயது ஏழு. ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாளே, அவள் வயது.) சட்டம் காகிதத்தில் இருந்தது. லீவு வேண்டுமென்றால் தெருவில் இறங்கத்தான் வேண்டியிருந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் ஆலை ஓடவில்லை. கடைசியில் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். கூலி கூடியது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. வாரத்தில் ஒரு நாளாவது அப்பா பகல் வெளிச்சத்தில் வீட்டில் இருப்பார் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

அந்தச் சந்தோஷத்தின் சூடு ஆறுவதற்குள் மார்ச் 12-ம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைபட்டன, அரசுக் கட்டடங்கள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் வீடு வாசல் இருந்திருக்கும். அந்த வீடுகளைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தச் சமயத்தில் தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்து அடக்குமுறையை நடத்தியவர்... இதே ஆஷ்தான். 1910-ல் ஜில்லாவுக்கே கலெக்டர் ஆனார்.

ஒரு பொருத்தத்தைப் பாருங்கள். வ.உ.சி. பிறந்தது 1872. ஆஷ் பிறந்ததும் 1872. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளுக்கு அப்பா.

வ.உ.சி.யின் வரலாற்றை எழுதுகிற எல்லாரும் தவறாமல் சொல்கிற ஒரு சம்பவம் உண்டு. சுதேசிக் கம்பெனிக்குக் கப்பல் வாங்க அவர் பம்பாய்க்குக் கிளம்பிய நேரம். மூத்த மகன் உலகநாதனுக்கு உடம்புக்கு ரொம்ப முடியவில்லை. மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பிணி. "இந்த நிலைமையில் போகணுமா?" என்று நண்பர்கள் தடுத்தார்கள். "ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியேவிட்டாராம். தேசத்துக்குக் கப்பல் வந்தது. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. நானும் அப்பாவான பிறகு கேட்டபோது, அந்த வீட்டு வாசலில் நின்ற மீனாட்சி அம்மாள்தான் கண்ணுக்குத் தெரிந்தார்.

வ.உ.சி.க்குத் தண்டனை இரட்டை ஆயுள். மொத்தம் 40 வருடம். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அப்பீலில் தண்டனை குறைந்து, கோவையிலும் கண்ணனூரிலும் ஜெயில்வாசம் முடித்து வ.உ.சி. வெளியே வந்த தேதி 1912 டிசம்பர் 24. கைதாகி நாலே முக்கால் வருடம். பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிற நாளில் ஓர் அப்பா விடுதலையானார்.

சரி, பெண்டாட்டி பிள்ளைகளோடு சொந்த ஊருக்கு வந்தாரா? வர முடியவில்லை. திருநெல்வேலி ஜில்லாவுக்குள் அவருக்கு அனுமதி கிடையாது! மனைவியையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு சென்னையில் குடியேறினார். கப்பல் ஓட்டியவர் அரிசிக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துப் பார்த்தார். மணியாச்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது அவர் பிறந்த ஒட்டப்பிடாரம். எழும்பூரில் ரயில் ஏறினால் விடிவதற்குள் ஊர் என்று நாம் கிளம்புகிறோமே... அந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போகிற கொடுப்பினை இல்லை.

இனி வாஞ்சி. அவர் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911 தொடக்கத்தில் அவரும் ஒரு லீவு போட்டார். மூன்று மாச லீவு. போனது புதுச்சேரிக்கு, வ.வே.சு. ஐயரிடம். அந்த லீவில் அவர் பழகியது துப்பாக்கி சுடுவதற்கு. ஜூன் 22-ம் தேதி ஐந்தாம் ஜார்ஜுக்கு லண்டனில் முடிசூட்டு விழா. அதற்கு ஐந்து நாள் முன்பாக மணியாச்சி. அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்திலும் அந்த முடிசூட்டு விழாவைப் பற்றிய பேச்சு உண்டு. வாஞ்சியின் மனைவி பெயர் பொன்னம்மாள். மணியாச்சியில் வெடித்த இரண்டாவது குண்டோடு அந்தப் பெண்ணின் குடும்ப வாழ்க்கையும் முடிந்தது. வழக்கில் போலீஸ் தேட ஆரம்பித்ததும் தர்மராஜ ஐயர், வெங்கடேஸ்வர ஐயர் என்று இன்னும் இரண்டு பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அங்கேயும் அடுப்பு அணைந்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், நான் மழுப்பப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் போராடியவர்கள் பக்கம்தான் நியாயம். ஆளுகிறவரின் பிள்ளைகளுக்கு மலை மேல் பங்களா. அவர் ஆளுகிற ஜில்லாவில் ஓர் ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருக்க வேலைநிறுத்தம். அந்த ராஜ்ஜியம் போயே ஆக வேண்டிய ராஜ்ஜியம். அதற்காக, கொடைக்கானலில் காத்திருந்த நான்கு பிள்ளைகள் யாருக்கும் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதும் பொய்யாகிவிடாது. சரித்திரம் எழுதுகிறவர்கள் பேரேட்டில் அப்பாக்களின் பெயரைத்தான் பதிகிறார்கள். செலவுக் கணக்கு பெரும்பாலும் பிள்ளைகளின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது, இரண்டு தரப்பிலும்.

இதைச் சம்பந்தப்பட்டவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். பறிபோன வக்கீல் சன்னதை வ.உ.சி. திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்கிற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்கு வ.உ.சி. தன் மகனுக்கு வைத்த பெயர் வாலேஸ்வரன். வெள்ளைக்கார ஆட்சியில் செக்கிழுத்தவர் வீட்டில் ஒரு வெள்ளைக்காரரின் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பிள்ளை!

இன்னொன்று. மணியாச்சி சம்பவம் நடந்து ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, அயர்லாந்திலிருந்து வாஞ்சியின் குடும்பத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆஷின் பேரன். கொடைக்கானலில் காத்திருந்த அந்தப் பிள்ளைகளின் அடுத்த தலைமுறை. கடிதத்தில் கோபம் இல்லை. வாஞ்சியை ஒரு லட்சியவாதி என்றே அவர் எழுதியிருந்தார். தன் தாத்தாவும் தன் வழியில் லட்சியத்தோடு இருந்தவர்தான் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். நடந்ததை நினைவுகூர்வோம், மனத்தால் சமாதானம் ஆவோம் என்பதுதான் சாரம்.

ஏழு வயதுக் குழந்தை கேட்ட கேள்விக்கு இவ்வளவு நீளமான பதிலை ரயிலில் சொல்லியிருக்க முடியாது. அடுத்த லீவில் அதே ரயில், அதே போர்டு. கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அப்போ ரெண்டு பேருமே வீட்டுக்குப் போகலியா?" என்றாள்.

"போகலைம்மா."

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மொபைலை எடுத்து, ஸ்டேஷனில் காத்திருக்கிற தாத்தாவுக்குப் போன் போட்டாள். "தாத்தா, மணியாச்சி தாண்டிட்டோம். வந்துட்டே இருக்கோம்!"